பன்னிரண்டாயிரம் கொடுக்க வேண்டாம், ரீச்சர்

திருகோணமலை உப்புவெளிப் பக்கமிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நாலு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய கணவருக்கு 74 வயது. துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். கண்ணழுத்த நோயால் பார்வை மங்கிவிட்டது. பேப்பர் வாசிக்க முடியாது, ரிவி பார்த்துப் பயனில்லை. விடிய நாலரைக்கு எழும்பினால் இரவு படுக்கும்வரை துணை றேடியோதான். லண்டனில் இருக்கும் மகள் 2018 இல் வந்தபோது வைஃபை றேடியோ ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். மூன்று வருஷம் நன்றாக வேலை செய்தது. பிறகு ஒருநாள் திடீரென்று எந்த இணைய நிலையமும் வரவில்லை. "வைஃபை கோடு மூன்றும் நிற்கிறது. நிலையத்தைத் தெரிவு செய்தால் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி, கடைசியில் சேவை கிடைக்கவில்லை என்று வருகிறது." திருத்துபவர் ஒருவர் பார்த்துவிட்டு, "உள்ளே சேர்க்கிட் போர்ட் போய்விட்டது, 12,000 ரூபா முடியும்" என்றாராம். கடிதத்தின் கடைசிப் பக்க ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி: "எஃப்எம் மட்டும் அதே பெட்டியில் இன்றும் வருகிறது."

பெட்டி அலமாரிக்குப் போனபின் போனில் கேட்கிறார்கள். திரை அணைந்து பத்து நிமிஷத்தில் சத்தம் நின்றுவிடுகிறது. ரீச்சர் நித்திரையிலிருந்து எழும்பிப் போனைத் தட்டிவிட்டுப் படுக்கிறார். மாதத்துக்கு 15 ஜிபி போட்டால் 18, 19ஆம் திகதிக்குள் முடிந்துவிடுகிறது. "பாட்டும் செய்தியும்தானே கேட்கிறோம், படம்கூடப் பார்ப்பதில்லை. யாரோ எங்கள் டேட்டாவைக் களவெடுக்கிறார்கள்" என்பது அவர் சந்தேகம். பேரன் ஒருவன் வாட்ஸ்அப்பில் வந்த செயலி ஒன்றைப் போனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறான். லண்டன் மகளுக்கோ ஒரு செயலியில் நம்முடைய நிலையங்கள் எதுவும் வருவதில்லை. "தமிழ் வானொலியை அங்கே தடைசெய்துவிட்டார்களா?" இரவு ஒன்பதே காலுக்கு ஐயா விடாமல் கேட்ட லண்டன் தமிழோசையும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. ஆறு மணிச் செய்தி மணிக்கூட்டில் ஆறு தாண்டித்தான் தொடங்குகிறது. அதை வைத்து வீட்டில் தினமும் ஒரு வழக்கு. பழைய டிரான்சிஸ்டரை எறிந்துவிடச் சொல்லிப் பக்கத்து வீட்டார் ஆலோசனை வேறு.

ரீச்சர், நான் வால்வு செட் காலத்திலிருந்து றேடியோ திருத்துகிறவன். உங்கள் கடிதத்தில் மிகப் பெறுமதியான வரி அந்த ஓரத்து வரிதான். அதை எழுதாமல் விட்டிருந்தால் நானும் ஒருவேளை பிழையாகச் சொல்லியிருப்பேன். எஃப்எம் பாடுகிறது என்றால் பெட்டிக்குக் கரண்ட் வருகிறது, ஒலியைப் பெருக்கும் பகுதி வேலை செய்கிறது, ஸ்பீக்கர் நல்லாயிருக்கிறது, திரையும் பொத்தானும் உயிரோடு இருக்கின்றன. வைஃபை கோடு மூன்றும் நிற்கிறது என்றால் அந்தப் பகுதியும் பிழைத்திருக்கிறது. மிச்சம் என்ன இருக்கிறது "போய்விட" என்று? பன்னிரண்டாயிரத்தைக் கொடுக்க வேண்டாம்.

பெட்டிக்கு என்ன நடந்தது

வானொலி என்ற பெயர்தான் நம்மைக் குழப்புகிறது. டிரான்சிஸ்டர், காற்றில் வருவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும். யாரிடமும் எதையும் கேட்காது. வைஃபை றேடியோ அப்படியில்லை. ஒவ்வொரு முறை பொத்தானை அமர்த்தும்போதும் அது போய் ஒருவரிடம் கேட்கிறது. முதலில் உங்கள் ரவுட்டரிடம். அடுத்து, விலாசப் புத்தகம் வைத்திருக்கும் ஒரு கந்தோரிடம்: "இன்ன நிலையம் இன்றைக்கு எந்த விலாசத்தில் இருக்கிறது?" அந்தக் கந்தோர் விலாசம் சொன்ன பிறகுதான் நிலையத்தின் வாசலுக்குப் போகிறது. நடுவில் இருக்கும் கந்தோரைப் பற்றி வாங்கும்போது யாரும் நமக்குச் சொல்வதில்லை. பெட்டி நம்முடையது, விலாசப் புத்தகம் வேறொருவருடையது.

அந்தக் காலத்து வைஃபை றேடியோக்கள் பலவற்றுக்கு, மேலே ஒட்டியிருந்த பெயர் எதுவானாலும், உள்ளே விலாசம் சொன்னது ரெசிவா என்ற சேவை. அது 2021 இல் மூடப்பட்டது. உலகம் முழுக்க, ஒரு கம்பிகூடக் கழராத நல்ல பெட்டிகள் ஒரே நாளில் ஊமையாகின. வட்டம் சுற்றும், சேவை கிடைக்கவில்லை என்று சொல்லும், எஃப்எம் மட்டும் பாடும். 2018 இல் வந்த பெட்டி மூன்று வருஷம் பாடியது என்கிறீர்கள். கணக்குப் பொருந்துகிறது. ஆனாலும் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பெட்டியின் அமைப்புப் பட்டியலில் "தகவல்" அல்லது "பதிப்பு" என்ற பகுதி இருக்கும். அதில் ரெசிவா என்ற பெயர் தென்பட்டால் சந்தேகம் தீர்ந்தது.

ஃபிரண்டியர் என்ற பெயர் தென்பட்டால் சந்தோஷப்படுங்கள். அந்த வகைப் பெட்டிகள் 2019 இல் வேறொரு விலாசப் புத்தகத்துக்கு மாற்றப்பட்டன. சேமித்து வைத்த நிலையங்கள் போய்விட்டாலும் பெட்டிகள் பிழைத்தன. அப்படியானால், அமைப்புப் பட்டியலில் மென்பொருள் புதுப்பிப்பு என்ற இடத்தை ஒருமுறை அமர்த்திப் பாருங்கள். பிறகு தொழிற்சாலை நிலைக்கு மீட்டு, வைஃபை கடவுச்சொல்லைப் புதிதாகக் கொடுங்கள். புதுப்பிப்பு நடக்கும் பத்து நிமிஷமும் கரண்ட் போகக் கூடாது. மழைக்காலத்தில் மின்னல் அடிக்கிற பின்னேரத்தில் செய்யாதீர்கள்.

ஒரேயொரு மாற்று வாய்ப்பையும் சொல்லிவிடுகிறேன். பெட்டி நின்ற சமயத்தில் வீட்டுக்குப் புது ரவுட்டர் வந்ததா? பழைய வைஃபை றேடியோக்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும். புது ரவுட்டர்கள் 5 கிகாஹேர்ட்ஸையும் அதே பெயரில் கலந்து அனுப்பும், அல்லது புதுவகைப் பாதுகாப்பு முறையைக் கேட்கும். அப்படியென்றால் பெட்டி இணைப்பே எடுக்காமல் தடுமாறும். உங்கள் பெட்டியோ இணைப்பை எடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் தடுமாறுகிறது. அதனால் இதில் பெரிய நம்பிக்கை வைக்கவில்லை.

ரெசிவாப் பெட்டிதான் என்று தெரிந்தால் என்ன செய்வது? அதன் உள்ளே கைவைத்து மாற்று மென்பொருள் ஏற்றுகிற ஆர்வலர்கள் உலகில் இருக்கிறார்கள். உங்களுக்கு அந்தத் தலையிடி வேண்டாம். பெட்டியின் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், ஹெட்போன் துளை மாதிரி இன்னொரு வட்டத் துளை, ஆக்ஸ் என்று எழுதியிருக்கும். மூன்றரை மில்லிமீற்றர் வயர் ஒன்று மத்திய வீதிப் பக்கத்து போன் கடைகளில் சில நூறு ரூபாவுக்கு எடுக்கலாம். ஒரு முனை போனில், மறுமுனை பெட்டியில். பெட்டியில் ஆக்ஸ் என்பதைத் தெரிவு செய்துவிட்டால், கேட்கிற வேலையைப் போன் பார்க்கும், பாடுகிற வேலையை அந்த நல்ல மரப்பெட்டி பார்க்கும். போனில் அந்தத் துளை இல்லாவிட்டால் சார்ஜர் துளையில் செருகும் மாற்றி ஒன்றும் சேர்த்து எடுங்கள். ஐயாவுக்குப் பழகிய சத்தக் குமிழ் அதே இடத்தில் இருக்கும். பார்வை குறைந்த ஒருவருக்குக் கை பழகிய குமிழ் பெரிய விஷயம்.

திருத்துபவரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. ரெசிவாவைக் கேள்விப்படாத ஒருவர், வட்டம் சுற்றுவதைப் பார்த்தால் போர்டைத்தான் சந்தேகிப்பார். ஆனால் இனி யாரிடம் எதைத் திருத்தக் கொடுத்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தப் பாகத்தை மாற்றப் போகிறீர்கள், கழற்றிய பாகத்தைத் திருப்பித் தருவீர்களா, பற்றுச்சீட்டு உண்டா? பணம் கொடுத்த பிறகு அதே கோளாறு வந்து, கடைக்காரர் கைவிரித்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் விவகார அதிகார சபை இருக்கிறது, 1977 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம். ஆனால் கையில் பற்றுச்சீட்டு இல்லாத முறைப்பாட்டுக்குக் கால் இல்லை. நீங்கள் இன்னும் பணம் கொடுக்கவில்லை, அதனால் இப்போதைக்கு முறைப்பாடு எதுவும் இல்லை. திருத்துபவருக்கு நன்றி சொல்லி, வேலை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நடு இரவில் எழும்பிப் போனைத் தட்டுவது

இது வானொலி நிலையத்தின் குறையும் இல்லை, சிக்னல் குறையும் இல்லை. அண்ட்ரொய்ட் போன் பற்றரியை மிச்சம் பிடிப்பதற்காக, திரை அணைந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கிற செயலிகளைத் தேடிப்பிடித்து நிறுத்துகிறது. சில போன்கள் இதில் மிகவும் கறார். அதற்கு உங்கள் றேடியோச் செயலியும் வெறுமனே பற்றரியைத் தின்னுகிற ஒன்று, அவ்வளவுதான்.

அமைப்புகளுக்குப் போங்கள். செயலிகள் என்பதைத் திறந்து, உங்கள் றேடியோச் செயலியைத் தெரிவு செய்து, பற்றரி என்பதற்குள் போனால் மூன்று தெரிவு இருக்கும். அதில் "கட்டுப்பாடு இல்லை" என்பதை அமர்த்துங்கள். சில போன்களில் "தானாகத் தொடங்க அனுமதி" என்று இன்னொன்றும் இருக்கும், அதையும் திறந்துவிடுங்கள். டேட்டா சேமிப்பு முறை போட்டிருந்தால் அதிலும் இந்தச் செயலிக்கு விலக்குக் கொடுங்கள். பேரன் பக்கத்தில் இருக்கும் நாளில் செய்தால் ஐந்து நிமிஷ வேலை. செய்த பின் சோதிக்க வேண்டும்: திரையை அணைத்து, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அரை மணித்தியாலம் யாரும் தொடக் கூடாது. நீங்கள் தேங்காய் துருவி, கறி இறக்கும் வரைக்கும் பாடினால் இரவு முழுக்கப் பாடும்.

அதற்குப் பிறகும் நின்றால், விஎல்சி என்ற இலவசச் செயலியைப் போடுங்கள். அதில் நிலையத்தின் ஒலியோடை முகவரியை, அதாவது அது இணையத்தில் பாடும் விலாசத்தை, நேரடியாகக் கொடுக்கலாம், நடுவில் எந்த விலாசப் புத்தகமும் வேண்டாம். இது சோதனைக் கருவியும்கூட. விஎல்சியில் பாடுகிற நிலையம் உங்கள் செயலியில் பாடாவிட்டால் பிழை செயலியில். விஎல்சியிலும் பாடாமல் மற்ற நிலையங்கள் பாடினால் பிழை அந்த நிலையத்தில். எதுவுமே பாடாவிட்டால் ரவுட்டரைப் பாருங்கள். நாங்கள் பழைய செட்டில் ஸ்பீக்கரிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுப் பார்த்து வந்ததும் இதே முறைதான். விஎல்சியில் தூக்க நேரம் குறிக்கும் வசதியும் உண்டு. ஐயா பத்தரைக்கு உறங்குவார் என்றால் பதினொன்றுக்குத் தானே நிற்கும்.

இரவில் சார்ஜில் போட்டபடி போனைத் தலையணைக்குக் கீழே வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றைக்கே நிறுத்துங்கள். சார்ஜும் பாட்டும் சேர்ந்தால் போன் சூடேறும், துணிக்குள் அந்தச் சூடு போக இடமில்லை.

அடுப்படியில் இருக்கும் பழைய போனில் சில நிலையங்கள் மட்டும் வராதது வேறு சங்கதி. பாதுகாப்பான இணைப்புகளுக்குப் போன் ஒரு சான்றிதழைச் சரிபார்க்கிறது. அண்ட்ரொய்ட் 7.1.1 க்கு முந்திய போன்களிடம் இருக்கும் சான்றிதழ்ப் பட்டியல் பழையது. ஏராளமான இணையத்தளங்கள் பாவிக்கும் இலவசச் சான்றிதழ் ஒன்றுக்கு அந்தப் பழைய போன்களுக்காகக் கொடுத்திருந்த சலுகையும் 2024 செப்டெம்பரோடு முடிந்தது. முதலில் அந்தப் போனின் திகதி சரியா என்று பாருங்கள். பற்றரி முழுக்க இறங்கி ஏறினால் திகதி பின்னால் போய், அதனாலும் இதே கோளாறு வரும். திகதி சரியாக இருந்தும் வராவிட்டால், வருகிற நிலையங்களை மட்டும் அதில் கேளுங்கள். அதற்காகப் புதுப் போன் வாங்கத் தேவையில்லை.

டேட்டாவை யார் எடுக்கிறார்கள்

ஒருவரும் எடுக்கவில்லை, ரீச்சர். ஐயாதான் எடுக்கிறார். நீங்கள் கணக்குப் படிப்பித்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள், சேர்ந்து போட்டுப் பார்ப்போம். பல நிலையங்கள் விநாடிக்கு 128 கிலோபிட் வேகத்தில் அனுப்புகின்றன. எட்டு பிட் ஒரு பைட், ஆகவே விநாடிக்கு 16 கிலோபைட். மணித்தியாலத்துக்கு 57.6 மெகாபைட். ஒரு மணித்தியாலத்துக்கு இது ஒன்றுமேயில்லை. ஆனால் ஐயா நாளுக்குப் பதினாலு மணித்தியாலம் கேட்கிறார். 806 மெகாபைட். உங்கள் 15 ஜிபியை இதால் பிரித்தால் பதினெட்டரை நாள். 18, 19ஆம் திகதிக்கு முடிகிறது என்று நீங்கள் எழுதியது இதுதான்.

இதில் ஒரு கூடுதல் விஷயம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. "மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு உறங்குவார்." டிரான்சிஸ்டரில் அது சரி. இணைய வானொலியில் சத்தம் பூச்சியம் ஆனாலும் டேட்டா ஓடிக்கொண்டேயிருக்கும். குழாயைத் திறந்துவிட்டு வாளியை எடுத்து அப்பால் வைத்த மாதிரி. சத்தத்தைக் குறைப்பது வேறு, நிறுத்துவது வேறு என்று ஐயாவுக்குச் சொல்லுங்கள். இரண்டு மணித்தியால உறக்கம் ஒரு மாதத்தில் ஏறக்குறைய மூன்றரை ஜிபி.

அடுத்தது, பல நிலையங்கள் ஒரே நிகழ்ச்சியை இரண்டு தரத்தில் தருகின்றன. 64 கிலோபிட் ஓடையைத் தெரிவு செய்தால் செலவு பாதி. 32 கிலோபிட் என்றால் கால்வாசி. செய்தி, பட்டிமன்றம், கதாப்பிரசங்கம் எல்லாவற்றுக்கும் 32 தாராளம். நாதஸ்வரம் கேட்கும்போது மட்டும் காதில் கொஞ்சம் தகரம் தட்டும். "சமூக வலைத்தளம் அளவில்லாமல்" என்ற பொதியை வாங்கினால் றேடியோவும் அதில் அடங்கும் என்று நினைக்காதீர்கள். பெயர் குறிப்பிட்ட செயலிகளுக்கு மட்டுமே அது, வானொலி ஓடை உங்கள் சாதாரண டேட்டாவைத்தான் தின்னும். பாட்டுக்காக வீடியோத் தளத்தைத் திறந்து வைப்பது இதைவிட மோசம், மணித்தியாலத்துக்குச் சில நூறு மெகாபைட் போகும்.

இதையெல்லாம்விட லேசான வழி ஒன்று. ஐயா பகலில் கேட்கும் நிலையங்கள் என்று நீங்கள் எழுதிய ஐந்தில் மூன்று, திருகோணமலையில் எஃப்எம்மில் காற்றிலேயே வருபவை. அவற்றை ஏன் காசு கொடுத்து இணையத்தில் கேட்கிறீர்கள்? அந்த மூன்றையும் டிரான்சிஸ்டரில் கேட்டால் மாதம் முடிந்தும் டேட்டா மிஞ்சும்.

பேரன் ஏற்றிய செயலி

இது மட்டும்தான் உங்கள் கடிதத்தில் என்னைப் பயப்படுத்தியது. ஏற்றும்போது தொடர்புப் பட்டியல், குறுஞ்செய்தி, அழைப்பு எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டது, பேரன் எல்லாவற்றுக்கும் சம்மதம் கொடுத்தான் என்கிறீர்கள். றேடியோச் செயலிக்கு இணையம் வேண்டும், அறிவிப்புக் காட்ட அனுமதி வேண்டும், புளூடூத் ஸ்பீக்கர் என்றால் அதற்கும் வேண்டும். உங்கள் குறுஞ்செய்தி அதற்கு எதற்கு? உங்கள் ஓய்வூதியம் வருகிற வங்கி இரகசிய இலக்கத்தை அனுப்புவது அதே குறுஞ்செய்தியில். செயலியை இன்றைக்கே நீக்குங்கள். அது போனில் இருந்த காலத்தில் வங்கிக் கணக்கில் உங்களுக்குத் தெரியாத கொடுக்கல் வாங்கல் ஏதும் நடந்ததா என்று பாருங்கள், நடந்திருந்தால் வங்கிக்கு உடனே அறிவியுங்கள். பேரனை ஏசாதீர்கள், அவன் தாத்தாவுக்கு உதவத்தான் செய்தான். இனி செயலியைப் பிளே ஸ்டோரில் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள்.

லண்டனில் தடையா

மகள் எந்தச் செயலி என்று எழுதவில்லை. ஆனால் பிரித்தானியாவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வோர்னர், சோனி என்ற இரண்டு இசைக் கம்பனிகள் பல நாட்டு நிலையங்களை ஓரிடத்தில் சேர்த்துத் தரும் ரியூன்இன் என்ற செயலியின் கம்பனி மீது வழக்குப் போட்டு, 2019 நவம்பரில் லண்டன் உயர் நீதிமன்றத்தில் பெரும்பாலும் வென்றன. பிரித்தானியாவில் இசை உரிமம் பெறாத வெளிநாட்டு நிலையங்களை அங்குள்ளவர்களுக்கு இணைத்துக் கொடுப்பது பதிப்புரிமை மீறல் என்பது சாரம். அதைத் தொடர்ந்து 2020 இல் அந்தச் செயலி பிரித்தானியாவிலிருந்து கேட்பவர்களுக்கு வெளிநாட்டு நிலையங்களை நிறுத்தியது. பிரெஞ்சு நிலையமும் போனது, பிரேசில் நிலையமும் போனது, நம்முடையதும் போனது. தமிழுக்கென்று யாரும் பூட்டுப் போடவில்லை. மகளை அந்தந்த நிலையத்தின் சொந்த இணையத்தளத்தில் அல்லது சொந்தச் செயலியில் கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் வரும்.

தமிழோசை கிடைக்காததற்கும் உங்கள் போன் பொறுப்பில்லை. 1941 மே மாதம் தொடங்கிய அந்த வானொலிச் சேவை 2017 ஏப்ரல் 30 உடன் நிறுத்தப்பட்டது. பிபிசி தமிழ் இப்போது இணையத்தளமாகவும் காணொளியாகவும் இருக்கிறது, ஒன்பதே கால் ஒலிபரப்பு இல்லை. சிற்றலை முள்ளைத் துளித் துளியாக நகர்த்தி அந்தக் குரலைப் பிடித்த தலைமுறைக்கு இதைச் சொல்வது எனக்கே கஷ்டமாக இருக்கிறது. ஜேர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி நம்முடைய திருகோணமலையிலேயே சிற்றலை மறுஒலிபரப்பு நிலையம் வைத்து உலகுக்கு ஒலிபரப்பிய காலம் ஒன்று இருந்தது, அதையும் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஐயா துறைமுகத்தில் வேலை செய்தவர், அவருக்கு என்னைவிட நன்றாக நினைவிருக்கும்.

ஆறு மணி வழக்கு

நீங்கள் போனைக் கேட்டு மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்புகிறீர்கள், ஐயா அதை முன்னுக்குத் திருப்புகிறார். தீர்ப்பு ஐயா பக்கம். இணைய வானொலி எப்போதும் பிந்தித்தான் வரும். நிலையம் ஒலியைச் சுருக்க வேண்டும், சிறு சிறு துண்டுகளாக வெட்ட வேண்டும், உங்கள் போன் இணைப்பு ஆடினாலும் பாட்டு அறாமலிருக்க இரண்டு மூன்று துண்டுகளைக் கையில் சேர்த்து வைத்துக்கொண்டுதான் பாடத் தொடங்கும். இருபது முப்பது விநாடி சாதாரணம், ஒரு நிமிஷமும் ஆகலாம். மணிக்கூட்டுக்கு எஃப்எம் நேரக்குறியைக் கேளுங்கள்.

டிரான்சிஸ்டரை எறிவதா

வேண்டவே வேண்டாம். 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரை தொட்டது. அந்த மாதிரி இரவில் முதலில் கரண்ட் போகும். கரண்டோடு ரவுட்டர் போகும். போன் கோபுரங்கள் கொஞ்ச நேரம் பற்றரியில் தாக்குப்பிடிக்கும், பிறகு அவையும் ஒவ்வொன்றாய்ப் போகும். அப்போது இணைய வானொலி வெறும் கண்ணாடித் தட்டு. கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் வீடு உங்களுடையது. 2004 டிசெம்பர் 26 ஐ உங்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. யாரிடமும் எதுவும் கேட்காமல் காற்றில் வருவதைப் பிடிக்கும் பெட்டி ஒன்று அந்த வீட்டில் இருந்தே ஆக வேண்டும்.

இரவில் மத்திய அலையைத் திருப்பினால் தூத்துக்குடி 1053 கிலோஹேர்ட்ஸில் வரும், திருச்சி 936 இல். ஐயா திருச்சி நிகழ்ச்சிகளைப் போனில் தேடுவதாக எழுதியிருக்கிறீர்கள், பொழுதுபட்ட பிறகு இந்த வழியில் ஒரு சதமும் செலவில்லை. போன் சார்ஜரையும் எல்ஈடி விளக்கையும் பக்கத்தில் வைக்காதீர்கள், மத்திய அலையில் அவை இரையும். பெட்டியைக் கிழமேலாகவும் தென்வடலாகவும் திருப்பிப் பார்த்து, சத்தம் தெளியும் இடத்தில் நிறுத்துங்கள். உள்ளே இருக்கும் கரிய காந்தக் கம்பிதான் அதன் அன்ரெனா, நீட்டுகிற கம்பி இல்லை.

பின்மூடியைக் கழற்றிப் பற்றரிகளை இப்போதே பாருங்கள். வெள்ளையாக உப்புப் பூத்தது போலவோ, சுருள் கம்பியில் பச்சைப் பாசி போலவோ இருந்தால் பற்றரி கசிந்திருக்கிறது. பற்றரியை எறிந்துவிட்டு, தேசிக்காய்ப் புளியைப் பஞ்சில் தொட்டுக் கம்பியைத் துடைத்து, பிறகு ஈரமில்லாத துணியால் ஒற்றி, ஒரு பகல் மூடியைத் திறந்தபடி காயவிடுங்கள். கையைக் கழுவுங்கள். பெட்டி கொஞ்ச நாள் பாவனையில் இல்லையென்றால் பற்றரியை வெளியே எடுத்து வைக்க வேண்டும். உப்புவெளிக் காற்றில் இரும்புக் கம்பிக்கு ஆயுள் குறைவு.

புது வைஃபை றேடியோ வாங்கி அனுப்பவா என்று மகள் கேட்பதாகக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். முதலில் வயரைப் போட்டுப் பழைய பெட்டியை ஒரு மாதம் பாவித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் வாங்குவதென்றால், பெட்டியின் நிறத்தையும் திரையின் பெரிசையும் பார்க்க வேண்டாம். மகள் கடையில் கேட்க வேண்டியது: நிலையத்தின் முகவரியை நாமே பதிந்து வைக்க முடியுமா, புளூடூத் உண்டா, எஃப்எம் உண்டா, சேமித்த நிலையத்துக்குத் தனித்தனிப் பொத்தான் உண்டா? முதல் கேள்விக்கு இல்லை என்று சொன்னால், அந்தப் பெட்டியும் இன்னொருவரின் விலாசப் புத்தகத்தை நம்பித்தான் இருக்கிறது. கடைசிக் கேள்வி ஐயாவின் கண்ணுக்காக. முதலாம் பொத்தானில் ஒரு பொட்டு, இரண்டாவதில் இரண்டு பொட்டு என்று நகப்பூச்சுத் துளியை விட்டுக் காயவைத்தால் விரலால் தடவியே கண்டுபிடிப்பார்.

பெட்டியின் "தகவல்" திரையில் என்ன இருக்கிறது என்பதை அப்படியே எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதி அனுப்புங்கள். ஒரு இலக்கத்தையும் விடாதீர்கள். அதைப் பார்த்த பிறகு, திருத்த வழியிருக்கிறதா என்று உறுதியாகச் சொல்கிறேன். அதுவரை அலமாரியிலிருந்து எடுத்து, தூசி தட்டி, எஃப்எம்மில் பாடவிடுங்கள்.